தாவர எண்ணெயில் எஞ்சின் ஓடுமா? வாசகர் கேள்வி – பதில்

பெற்றோலிய மசகுக்குப் பதிலாகத் தாவர எண்ணெயைப் பயன்படுத்துவது பற்றிக் கேள்விகள் அனுப்பும்படி கேட்டிருந்தோம். வாகரை முதல் பொத்துவில் வரை பல ஊர்களிலிருந்து கடிதங்கள் வந்துள்ளன. ஒரே விடயத்தைக் கேட்டவர்களின் கடிதங்களை ஒன்றாக்கியிருக்கிறோம்.

என்னிடம் 100 சீசீ மோட்டார் சைக்கிள் இருக்கிறது. ஒயில் மாற்றுவதே இப்போது பெரிய செலவு. வீட்டில் தேங்காய் எண்ணெய் ஆட்டுகிறோம். அதையே எஞ்சினுக்குள் ஊற்றி ஓடலாமா? பாதிக்குப் பாதி கலந்தாலாவது சரிவருமா?
– களுவாஞ்சிக்குடி வாசகர்

ஊற்றாதீர்கள். கலக்கவும் வேண்டாம். இதே கேள்வியைப் பலர் கேட்டிருப்பதால் காரணங்களை விரிவாகச் சொல்கிறோம்.

முதலாவது, பிசுக்குமை. எஞ்சின் சூடான பிறகு ஒயில் எவ்வளவு தடிப்பாக இருக்கிறது என்பதுதான் முக்கியம். 100 பாகை செல்சியஸில் 30 எண் ஒயில் குறைந்தது 9.3 சென்ரிஸ்ரோக்ஸ் (தடிப்பை அளக்கும் அலகு) இருக்க வேண்டும். 40 எண் ஒயில் 12.5 இருக்க வேண்டும். தேங்காய் எண்ணெய் அந்தச் சூட்டில் ஏறத்தாழ 6 தான். கிராங் தண்டுக்கும் பெயாரிங்குக்கும் நடுவே நிற்கவேண்டிய எண்ணெய்ப் படலம் அதனால் மெலிந்துவிடும். குளிரில் நிலைமை நேரெதிர். தேங்காய் எண்ணெய் 24–25 பாகையில் உறையத் தொடங்கும். மார்கழி, தை மாத விடியற்காலையில் போத்தலில் வெள்ளையாகக் கட்டிபடுவதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். எஞ்சினுக்குள்ளும் அப்படியே கட்டிபடும். உறைந்த எண்ணெயைப் பம்ப் இழுக்காது. ஸ்டார்ட் செய்த முதல் நிமிடத்திலேயே கேம் தண்டு எண்ணெயின்றி உராயும்.

இரண்டாவது, ஒக்சிசன். எஞ்சினின் அடித்தொட்டியில் எண்ணெய் 90 முதல் 120 பாகை வரை சூடாகிறது. பிஸ்டன் றிங் பள்ளங்களில் 200ஐத் தாண்டும். எண்ணெய் கெடும் வேகம் ஒவ்வொரு 10 பாகைக்கும் கிட்டத்தட்ட இரு மடங்காகும். தேங்காய் எண்ணெயின் கொழுப்பமிலங்களில் ஏறக்குறைய 90 சதவீதம் நிறைவுற்றவை என்பதால், தாவர எண்ணெய்களுக்குள் இந்த விடயத்தில் அது நல்ல பக்கம் நிற்கிறது. சூரியகாந்தி, சோயா எண்ணெய்களில் லினோலெயிக் அமிலம் அதிகம். அது ஒலெயிக் அமிலத்தைவிடப் பத்து மடங்குக்கு மேல் வேகமாக ஒக்சிசனோடு சேரும். அவற்றை ஊற்றினால் முதலில் கறுக்கும், பிறகு தடிக்கும், கடைசியில் றிங் பள்ளத்தில் அரக்குப் போல இறுகும். றிங் அசையாது போனால் அழுத்தமும் போய்விடும்.

மூன்றாவது காரணத்தைப் பெரும்பாலானோர் நினைப்பதே இல்லை. கடையில் வாங்கும் ஒயில் வெறும் எண்ணெய் அல்ல. எரிதலில் வரும் அமிலத்தை நடுநிலையாக்கும் கல்சியச் சேர்மங்கள், புகைக்கரியைத் துகளாகவே மிதக்கவைக்கும் பொருட்கள், தேய்மானத்தைத் தடுக்கும் நாகச் சேர்மம், நுரை தடுப்பான் எல்லாம் அதில் கலந்திருக்கும். பாதிக்குப் பாதி தேங்காய் எண்ணெய் கலந்தால் இவை அத்தனையும் பாதியாகின்றன. அதோடு, தாவர எண்ணெய் மூலக்கூறு உலோகத்தில் நன்றாக ஒட்டிக்கொள்ளும். அது நல்ல குணம்தான். ஆனால் இங்கே நாகச் சேர்மம் உட்காரவேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்கிறது. உங்கள் மோட்டார் சைக்கிளில் கிளச்சும் இதே ஒயிலுக்குள்தான் ஓடுகிறது. வழுக்கும் தன்மை கூடினால் ஏற்றத்தில் எஞ்சின் இரையும், வண்டி ஏறாது.

வெளிநாடுகளில் தாவர மூலத்திலிருந்து செய்த எஞ்சின் ஒயில் உண்டு. ஏபிஐ எனும் அமெரிக்கப் பெற்றோலிய நிறுவனத்தின் தரச் சோதனையில் தேறியவையும் உண்டு. ஆனால் அவை ஆட்டியெடுத்த எண்ணெய் அல்ல. இரசாயன முறையில் மூலக்கூறையே மாற்றி, மேலே சொன்ன சேர்பொருட்கள் எல்லாம் சேர்த்தவை. ஒலுவில் மாணவருக்கான பதிலில் அதைச் சொல்கிறோம்.

ஏற்கெனவே ஊற்றியிருந்தால், எஞ்சின் சூடாக இருக்கும்போதே வடித்துவிடுங்கள். சல்லடையைக் கழற்றிக் கழுவுங்கள். சரியான எண்ணுள்ள சாதாரண ஒயிலை ஊற்றி, சுமை இல்லாமல் 10–15 நிமிடம் ஓடவிட்டு அதையும் வடித்த பிறகு புதிய ஒயில் நிரப்புங்கள்.

செயின்சோவால் மரம் வெட்டும் தொழில் செய்கிறோம். சங்கிலிக்குப் பழைய எஞ்சின் ஒயில்தான் ஊற்றுகிறோம். கையெல்லாம் கறுப்பு, புண்ணும் வருகிறது. தேங்காய் எண்ணெய் ஊற்றினால் விசிறி அடித்துவிட்டு உடனே தீர்ந்துபோகிறது. என்ன செய்யலாம்?
– கொக்கட்டிச்சோலை வாசகர்

தாவர எண்ணெய்க்கு உண்மையான இடம் இதுதான். சங்கிலிக்கு ஊற்றும் எண்ணெய் திரும்பி வருவதில்லை. ஊற்றுவது முழுவதும் மரத்தூளிலும் மண்ணிலும் உங்கள் கையிலும் போய்ச் சேருகிறது. பழைய எஞ்சின் ஒயிலில் தேய்ந்த உலோகத் துகளும், புற்றுநோய் உண்டாக்கக்கூடிய கரிமச் சேர்மங்களும் இருக்கின்றன. உங்கள் புண்ணுக்கு அதுவே காரணமாக இருக்கலாம். இன்றே நிறுத்துங்கள், புண்ணை வைத்தியரிடம் காட்டுங்கள்.

தேங்காய் எண்ணெய் விசிறுவதற்குக் காரணம் அதன் மெல்லிய தன்மை. 40 பாகையில் அது சுமார் 28 சென்ரிஸ்ரோக்ஸ். ஆமணக்கெண்ணெயோ அதே சூட்டில் 250 அளவில் நிற்கும். இரண்டையும் கலந்தால் வேண்டிய தடிப்புக் கிடைக்கும். மூன்று பங்கு தேங்காய் எண்ணெய்க்கு இரண்டு பங்கு ஆமணக்கெண்ணெய் சேர்த்தால் 60க்கும் 68க்கும் இடையில் வரும். சங்கிலிக்கு அது நல்ல தொடக்கம். பெரிய வாளாக இருந்தால், வெயில் நேரத்தில் வெட்டினால், பாதிக்குப் பாதி கலக்கலாம்.

5 லீற்றர் செய்யும் முறை இது. 3 லீற்றர் தேங்காய் எண்ணெய், 2 லீற்றர் ஆமணக்கெண்ணெய், 23 கிறாம் பிஎச்டி (BHT) எடுத்துக்கொள்ளுங்கள். பிஎச்டி என்பது எண்ணெய் கெடாமல் தடுக்கும் வெள்ளைத் தூள். இரசாயனப் பொருள் விற்கும் கடைகளில் கேளுங்கள். இந்த அளவு மொத்த எடையில் அரைச் சதவீதம். தேங்காய் எண்ணெயில் ஒரு லீற்றரை 75–80 பாகைக்குச் சூடாக்கி, தூள் முழுவதும் கரையும்வரை கிளறுங்கள். மீதி எண்ணெய்களை 60 பாகைக்குச் சூடாக்கி, இதையும் ஊற்றி 15 நிமிடம் கலக்குங்கள். ஒரு கண்ணாடிப் போத்தலில் எடுத்து இரண்டு நாள் அசைக்காமல் வையுங்கள். அடுக்காகப் பிரியாமல் இருந்தால் சரி. பிரிந்தால் எண்ணெயில் தண்ணீர் இருக்கிறது, அல்லது யாரோ கனிய எண்ணெய் (பெற்றோலிய எண்ணெய்) கலந்து விற்றிருக்கிறார்கள். ஆமணக்கெண்ணெய் கனிய எண்ணெயோடு சேராது. அதனால் பழைய ஒயில் எஞ்சியிருக்கும் தாங்கிக்குள்ளும் இதை ஊற்றக் கூடாது. முதலில் தாங்கியைக் கழுவுங்கள்.

பம்ப் சரியாக ஊட்டுகிறதா என்று பார்க்க, வாளின் நுனியை வெள்ளை மரப்பட்டைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் பிடித்து முடுக்குங்கள். மெல்லிய எண்ணெய்க் கோடு விழ வேண்டும். விழாவிட்டால் அடியிலுள்ள திருகாணியைச் சிறிது திறந்துவிடுங்கள். குளிர் மாதங்களில் கலவை மங்கலாகி வெண்பொடி தெரிந்தால், மூன்று லீற்றர் தேங்காய் எண்ணெயில் ஒரு லீற்றரைக் குறைத்துச் சூரியகாந்தி எண்ணெய் சேருங்கள். அது உறையாது, ஆனால் ஒட்டும். ஆகவே அந்த மாதங்களுக்கு மட்டும் செய்யுங்கள்.

வாளை இரண்டு மூன்று கிழமைக்கு மேல் வேலையின்றி வைப்பதானால், தாங்கியை வெறுமையாக்கி, சங்கிலியைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துடைத்து வையுங்கள். அப்படியே விட்டால் எண்ணெய் பிசினாகி, பல்சக்கரமும் சங்கிலியும் ஒட்டிக்கொள்ளும். தாவர எண்ணெயால் வாள் பழுதானது என்று சொல்பவர்களில் அநேகருக்கு நடப்பது இதுதான்.

செலவு மிச்சமாகும் என்று உறுதி தர முடியாது. தேங்காய் எண்ணெய் விலை ஏறும் காலத்தில் இது கடை ஒயிலைவிடக் கூடுதலாகவே வரும். காப்பாற்றப்படுவது உங்கள் கையும் மண்ணும்தான்.

வாவியில் மீன்பிடிக்கும் படகுக்கு 2 ஸ்ட்ரோக் வெளியிணைப்பு எஞ்சின். மண்ணெண்ணெயில் ஓடுகிறது. இரவில் விளக்கு வெளிச்சத்தில் தண்ணீர்மேல் எண்ணெய் மினுமினுப்பது தெரிகிறது. ஒயிலுக்குப் பதில் ஆமணக்கெண்ணெய் கலக்கலாமா? முன்பு விமானத்துக்கே ஊற்றினார்களாம்.
– கல்லடி வாசகர்

விமானச் செய்தி உண்மை. முதலாம் உலகப் போர்க்கால விமானங்களின் சுழல் எஞ்சின்களுக்கு ஆமணக்கெண்ணெய்தான் ஊற்றினார்கள். பெற்றோல் அதை எளிதில் கரைத்துக் கழுவிவிடாது என்பதே காரணம். 1909இல் தொடங்கிய காஸ்ட்ரோல் என்ற பெயரும் ஆமணக்கின் ஆங்கிலப் பெயரிலிருந்து வந்ததே.

அந்தக் கரையாத குணமே உங்கள் எஞ்சினுக்குக் கேடு. 2 ஸ்ட்ரோக்கில் ஒயில் எரிபொருளோடு கலந்துதான் உள்ளே போக வேண்டும். ஆமணக்கெண்ணெய் மண்ணெண்ணெயில் சரியாகக் கரையாது. தாங்கியின் அடியில் தங்கும். மேலே இருக்கும் ஒயிலில்லாத மண்ணெண்ணெயில் எஞ்சின் ஓடி, பிஸ்டன் சிலிண்டரோடு பிடித்துக்கொள்ளும். கடல்வாயில் வைத்து நின்றுபோனால் உயிருக்கே ஆபத்து. வேண்டாம்.

தேங்காய் எண்ணெய் மண்ணெண்ணெயிலும் பெற்றோலிலும் நன்றாகக் கரையும். கேரளாவில் கொச்சி நகரத்து 2 ஸ்ட்ரோக் ஓட்டோக்களில் அதை ஊற்றி ஓடியதுண்டு. கொச்சிப் பல்கலைக்கழகத்தில் அதை மசகாக ஆராய்ந்தும் இருக்கிறார்கள். தேய்மானத்தைக் குறைக்க 2 சதவீத அளவில் சேர்பொருள் சேர்க்க வேண்டியிருந்தது. ஆனால் ஓட்டோ நடுத்தெருவில் நின்றால் தள்ளிக்கொண்டு போகலாம். கரிபடிவதைத் தடுக்கும் சேர்பொருள் இல்லாத எண்ணெயில் றிங் ஒட்டுவதும் புகைவாய் அடைபடுவதும் நடக்கும். ஒரே எஞ்சினை நம்பித் தொழிலுக்குப் போகிறவருக்கு நாம் இதைப் பரிந்துரைக்க மாட்டோம்.

உங்கள் கவலை மிக நியாயமானது. பழைய காபரேற்றர் 2 ஸ்ட்ரோக் எஞ்சினில் உள்ளே போகும் எரிபொருளில் கால் பங்கு வரை எரியாமலே வெளியேறுகிறது. ஒயிலும் கூடவே போகிறது. 56 கிலோமீற்றர் நீளமான மட்டக்களப்பு வாவி கடலைத் தொடுவது ஒடுங்கிய முகத்துவாரங்களால் மட்டுமே. விழும் எண்ணெய் இறாலும் நண்டும் வளரும் கண்டலடியில்தான் தேங்கும். இதற்கென்றே எஸ்டர் அடிப்படையில் செய்த, நீரில் சிதையும், டிசி-டபிள்யூ3 (TC-W3) தரமுள்ள வெளியிணைப்பு எஞ்சின் ஒயில் இருக்கிறது. நீரில் சிதைவதை அளக்கும் பழைய ஐரோப்பியச் சோதனையில் கனிய எண்ணெய் 15–35 சதவீதம் சிதையும்போது தாவர எண்ணெய்கள் 70–100 சதவீதம் சிதைகின்றன. மீனவர் சங்கமாகச் சேர்ந்து மொத்தமாகக் கேட்டால்தான் கடைக்காரர் கொண்டுவருவார்.

அதுவரைக்கும் அளந்து ஊற்றுங்கள். 50க்கு 1 என்றால் ஒரு லீற்றருக்கு 20 மில்லிலீற்றர். மண்ணெண்ணெய் எஞ்சினுக்குக் கையேட்டில் இன்னும் கூடுதலாகச் சொல்லியிருக்கும், அதையே பின்பற்றுங்கள். பயத்தில் இன்னும் ஒரு மூடி ஊற்றுவதுதான் பாதி மினுமினுப்பு. காற்றாடிப் பக்கத்துக் கியர் பெட்டிக்குத் தாவர எண்ணெய் எக்காரணம் கொண்டும் வேண்டாம். சீல் வழியாக உப்புநீர் கசிந்தால் எண்ணெய் அமிலமாக உடைந்து பற்களைத் தின்னும்.

வண்டி அச்சு, கிணற்றுக் கப்பி, கேற் பிணைச்சல் இவற்றுக்கு வீட்டிலேயே கிறீஸ் செய்ய முடியுமா? அளவோடு சொல்லுங்கள்.
– அக்கரைப்பற்று வாசகர்

முடியும். கிறீஸ் என்பது சவர்க்காரத்தின் இழைகளுக்குள் எண்ணெயைப் பிடித்துவைப்பது. சுண்ணாம்புச் சவர்க்காரக் கிறீஸ் தண்ணீருக்குக் கரையாது. மாரி காலத்துக்கும் கடற்கரைக்கும் பொருத்தம். 60 பாகைக்கு மேல் சூடாகும் இடத்துக்கு மட்டும் உதவாது. ஆகவே வீதியில் வேகமாக ஓடும் உழவு இயந்திரப் பெட்டியின் பெயாரிங்குக்கு லிதியம் கிறீஸே போடுங்கள்.

ஒரு கிலோவுக்கு: ஆமணக்கெண்ணெய் 500 கிறாம், தேங்காய் எண்ணெய் 340 கிறாம், ஸ்டியரிக் அமிலம் 140 கிறாம், நீற்றிய சுண்ணாம்புத் தூள் 20 கிறாம். ஸ்டியரிக் அமிலம் மெழுகுதிரி செய்பவர்களிடம் கிடைக்கும் வெள்ளைச் செதில். சுண்ணாம்பு உலர்ந்த, மெல்லிய தூளாக இருக்க வேண்டும். அதில் ஒரு சிட்டிகை எடுத்து வினாகிரி விட்டுப் பாருங்கள். நன்றாகப் பொங்கினால் அது காற்றுப் பட்டுப் பழுதானது, வேலை செய்யாது.

அலுமினியப் பாத்திரம் வேண்டாம், சுண்ணாம்பு அதை அரிக்கும். இரும்பு அல்லது எவர்சில்வர் பாத்திரம், கலவையைப்போல் மூன்று மடங்கு கொள்ளக்கூடியதாக எடுங்கள். பாதி எண்ணெயும் ஸ்டியரிக் அமிலமும் போட்டு 80 பாகைக்குச் சூடாக்கிக் கரையுங்கள். சுண்ணாம்பை 60 மில்லிலீற்றர் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, வேறாக வையுங்கள். அடுப்பை அணைத்துவிட்டு அதைக் கரண்டி கரண்டியாக ஊற்றிக் கிளறுங்கள். நுரைத்து எழும்பும். கண்ணாடியும் கையுறையும் போட்டிருங்கள். நுரை அடங்கியதும் மெல்லிய தீயில் 90–100 பாகையில் ஒரு மணித்தியாலம் கிளறினால் கூழாகத் தடிக்கும். தண்ணீரில் பெரும்பகுதி ஆவியாகிவிடும்.

இப்போது ஒரு துளி எடுத்து, மஞ்சள் கரைத்த மதுசாரத்தில் தேய்த்துப் பாருங்கள். இலேசாகச் சிவந்தால் சரி. மஞ்சளாகவே இருந்தால் அமிலம் மிச்சம் இருக்கிறது. இன்னும் 2 கிறாம் சுண்ணாம்பு கரைத்து விட்டு 20 நிமிடம் கிளறுங்கள். பிறகு தீயை நிறுத்தி மீதி எண்ணெயைச் சிறிது சிறிதாக ஊற்றுங்கள். சூடு 70–75க்கு இறங்கியதும் 10 மில்லிலீற்றர் தண்ணீர் தெளித்து, ஆறும்வரை கைவிடாமல் கிளறுங்கள். கடைசியில் மெல்லிய கம்பிவலையில் இரண்டு தடவை தேய்த்தெடுங்கள்.

அந்தக் கடைசித் தண்ணீரைப் பலர் வேண்டாத வேலை என்று விட்டுவிடுவார்கள். அங்கேதான் பிழை வருகிறது. சுண்ணாம்புச் சவர்க்கார இழை நிற்பதற்கு ஒரு சதவீத அளவு நீர் வேண்டும். அது முற்றாக வற்றிப்போனால் எண்ணெய் மேலேயும் சவர்க்காரம் கீழேயுமாகப் பிரியும். பிரிந்துவிட்டால் எறியாதீர்கள், 70 பாகைக்குச் சூடாக்கி, 10 மில்லிலீற்றர் தண்ணீர் விட்டு, பலமாகக் கடையுங்கள். நறநறவென்றிருந்தால் சுண்ணாம்பு சலிக்கப்படவில்லை. அச்சைத் தேய்க்கும், பயன்படுத்தாதீர்கள். இளகலாக இருந்தால் அடுத்த தடவை ஸ்டியரிக் அமிலத்தை 170 கிறாமும் சுண்ணாம்பை 24 கிறாமும் ஆக்கி, எண்ணெயை அந்த அளவுக்குக் குறையுங்கள்.

கைத்தறியின் இரும்புப் பாகங்களுக்கு மெசின் ஒயில் விடுகிறோம். வாப்பா காலத்திலிருந்தே சாரத்தில் கறை விழுந்தால் போகாது என்ற பிரச்சினை இருக்கிறது.
– மருதமுனை வாசகர்

கனிய எண்ணெய்க் கறை சவர்க்காரத்துக்கு இலேசில் விடாது. தேங்காய் எண்ணெய்க் கறை சோடாவும் சவர்க்காரமும் போட்ட சுடுநீரில் பெரும்பாலும் போய்விடும். மெல்லிய பாகங்களுக்குப் பிஎச்டி அரைச் சதவீதம் சேர்த்த சுத்தமான தேங்காய் எண்ணெய் போதும். விசைத்தறியின் பாரமான பகுதிகளுக்கு நாலில் ஒரு பங்கு ஆமணக்கெண்ணெய் சேருங்கள். பழைய எண்ணெயைத் துடைக்காமல் மேலே மேலே விட்டால் பஞ்சுத்தூசியோடு சேர்ந்து பசையாகும். கிழமைக்கு ஒரு தடவை துடைத்துவிட்டு இரண்டு துளி மட்டும் விடுங்கள். பித்தளைப் புஷ் உள்ள இடத்தில் பச்சை படிந்தால் எண்ணெயில் அமிலம் ஏறிவிட்டது, மாற்றுங்கள்.

எங்கள் ஹோட்டலில் பொரித்த எண்ணெய் நிறைய மிஞ்சுகிறது. மசகாக்க முடியுமா?
– காத்தான்குடி வாசகர்

இயந்திரத்துக்கு வேண்டாம். பொரித்த எண்ணெயில் உப்பும் தண்ணீரும் அமிலமும், சூட்டில் ஏற்கெனவே பாதி பிசினான பகுதியும் இருக்கும். ஆனால் கொங்கிறீற் போடும் பலகைகளுக்குப் பூச அது அருமையான பொருள். இப்போது மேசன்மார் பூசுவது பழைய எஞ்சின் ஒயில். அது சுவரிலும் கிணற்றோரத்திலும் ஊறுகிறது. தாவர எண்ணெயின் கொழுப்பமிலம் சீமெந்தின் சுண்ணாம்போடு சேர்ந்து மெல்லிய சவர்க்காரப் படலமாகிறது. பலகை தானாகக் கழன்று வரும்.

மூன்று நாள் தெளியவிட்டு மேலேயுள்ளதைத் துணியில் வடியுங்கள். பத்தில் ஒரு பங்கு வெந்நீர் விட்டு மெதுவாகக் கலக்கி, இரவு முழுவதும் வைத்து, அடித் தண்ணீரை இறக்குங்கள். உப்புப் போக இரண்டு தடவை செய்ய வேண்டும். வேகமாக அடித்துக் கலக்கினால் மோர் போலாகிப் பிரியாது. அப்படி ஆனால் உப்புக் கரைத்த வெந்நீர் விட்டுப் பிரித்து, மறுபடி வெறும் வெந்நீரால் கழுவுங்கள். பிறகு 105–110 பாகைக்குச் சூடாக்குங்கள். சூடான தாச்சியில் ஒரு துளி விட்டால் வெடிக்காமல் இருக்க வேண்டும்.

அமில அளவையும் பாருங்கள். ஒரு லீற்றர் வடித்த நீரில் 1 கிறாம் கோஸ்ரிக் சோடா கரையுங்கள். 10 மில்லிலீற்றர் ஐசோபுறொப்பைல் மதுசாரத்தில் 1 மில்லிலீற்றர் எண்ணெய் விட்டு, சில துளி மஞ்சள் கரைசல் சேருங்கள். கோஸ்ரிக் நீரைச் சிரிஞ்சால் துளித்துளியாக விட்டு, சிவப்பு அரை நிமிடம் நிற்கும் இடத்தைக் குறியுங்கள். எண்ணெயில் எவ்வளவு அமிலம் உண்டு என்பதைக் காட்டும் அமில எண், ஒவ்வொரு மில்லிலீற்றருக்கும் ஏறத்தாழ 1.5. பலகைக்கு 4 மில்லிலீற்றர் வரை பரவாயில்லை. அதைத் தாண்டினால், அளவு கூடிய கொழுப்பமிலம் சீமெந்து இறுகுவதைத் தாமதிக்கும். மேற்பரப்பு மாவாக உதிரும். துணியால் மெல்லிதாகப் பூசுங்கள். ஒரு லீற்றர் சுமார் 300 சதுர அடிக்குப் போதும். வழியும்படி பூசினாலும் இதே மாவு உதிர்தல் வரும், கறையும் வரும். கம்பியில் படக் கூடாது; கம்பி கட்டுவதற்கு முன்பே பூசிவிடுங்கள். இதே சோதனையை இயந்திரத்துக்கு வாங்கும் எண்ணெய்க்கும் செய்யலாம். அங்கே அரை மில்லிலீற்றரைத் தாண்டக் கூடாது.

எங்கள் ஆலையில் தவிடு மலையாகக் குவிகிறது. தவிட்டெண்ணெய் எடுத்து மசகு செய்யலாமா?
– சம்மாந்துறை வாசகர்

தவிட்டில் 15–20 சதவீதம் எண்ணெய் உண்டு. புழுங்கல் தவிட்டில் இன்னும் கூடும். ஓரைசனோல் என்ற இயற்கைத் தடுப்பானும் இருப்பதால் சூட்டைத் தாங்கும். தடை வேறு இடத்தில். நெல்லைத் தீட்டிய கணமே தவிட்டிலுள்ள நொதி எண்ணெயை அமிலமாக உடைக்கத் தொடங்குகிறது. பச்சை நெல் தவிட்டை அன்றைக்கே சில மணித்தியாலங்களுக்குள் ஆவியில் சூடாக்கிக் காயவைக்காவிட்டால் எண்ணெய் பயனற்றதாகிவிடும். புழுங்கல் நெல்லில் அவித்தபோதே நொதி செத்துவிடுவதால் தவணை கிடைக்கிறது. உமி கலந்த தவிட்டைச் செக்கிலோ திருகு அழுத்தியிலோ போட்டால் எண்ணெய் கொஞ்சமே வரும். எக்சேன் கரைப்பானால் பிரிக்க வேண்டும். அது வெடிக்கும் ஆவி. தனி ஆலை செய்யக்கூடிய வேலை அல்ல; பல ஆலைகள் சேர்ந்து, முறையான தொழிற்சாலையாக எடுத்தால் மட்டுமே பொருந்தும்.

உங்கள் ஆலையில் இன்றே செய்யக்கூடியது, அரிசி படும் இடங்களிலுள்ள சங்கிலி, சல்லடைத் தண்டு, உயர்த்தி வாளி முளைகளுக்குக் கனிய ஒயிலை நிறுத்தி, உண்ணத்தக்க தேங்காய் எண்ணெய் விடுவது. அரிசியில் ஒரு துளி விழுந்தாலும் நஞ்சல்ல. இங்கே ஆமணக்கெண்ணெயோ மேலே சொன்ன கிறீஸோ சேர்க்க வேண்டாம்.

தாவர எஞ்சின் ஒயிலை ஆய்வுத் திட்டமாக எடுக்க நினைக்கிறேன். எங்கே தொடங்குவது?
– ஒலுவில், தென்கிழக்குப் பல்கலைக்கழக மாணவர்

தாவர எண்ணெயின் பலவீனம் அதன் நடுவிலுள்ள கிளிசரோல். அதன் நடுக்காபனில் ஐதரசன் இருப்பதால் கடும் சூட்டில் மூலக்கூறு அங்கேயே உடைகிறது. கிளிசரோலுக்குப் பதிலாக றைமெதிலோல்புறொப்பேன் வைத்தால் அந்த ஐதரசன் இல்லை. மலேசியாவில் பாம் எண்ணெயை வைத்து இதை நன்றாகச் செய்திருக்கிறார்கள். முதலில் எண்ணெயை மெதைல் எஸ்டராக்குவது; பிறகு சோடியம் மெதொக்சைட் ஒரு சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாக இட்டு, மெதைல் எஸ்டருக்கும் றைமெதிலோல்புறொப்பேனுக்கும் 3.8:1 அளவான மூலக்கூறு விகிதத்தில், 120–130 பாகையில், 20 மில்லிபார் அளவு வெற்றிடத்தில் வினைப்படுத்துவது. வெற்றிடம் எதற்கென்றால், பிறக்கும் மெதனோலை உடனுக்குடன் இழுக்காவிட்டால் வினை திரும்பிவிடும். எண்ணெயில் தண்ணீரோ அமிலமோ இருந்தால் ஊக்கி சவர்க்காரமாகிப் படுத்துவிடும். மெதனோல் கண்ணையும் உயிரையும் பறிக்கும் நஞ்சு; புகைபோக்கிக் கூண்டு இல்லாமல் தொடாதீர்கள். மற்றைய வழியான ஈபொக்சியாக்கத்தில் (இரட்டைப் பிணைப்பில் ஒக்சிசனை ஏற்றுவது) ஐதரசன் பெரொக்சைட் சூட்டைக் கட்டுமீறச் செய்யும். வீட்டில் செய்யவே கூடாது.

உள்ளூர் எண்ணெய்களில் புங்கம், இலுப்பை, வேம்பு மூன்றும் உணவுக்குப் போட்டியில்லாதவை. றப்பர் விதை எண்ணெயை விட்டுவிடுங்கள். நிறைவுறாத தன்மையைக் காட்டும் அயடீன் எண் 130ஐத் தாண்டும், உலர்ந்து தோலாகும். பெரிய கருவிகளுக்கு முன், 50 மில்லிலீற்றர் எண்ணெயில் தீட்டிய செப்புத் துண்டொன்றை இட்டு 105 பாகை அடுப்பில் வைத்து, நாள்தோறும் பிசுக்குமையும் அமில எண்ணும் பாருங்கள். பக்கத்தில் 15டபிள்யூ-40 கடை ஒயிலையும் வைத்தால் ஒப்பீடு கிடைக்கும். இதில் தேறாத எண்ணெயை, தேய்மானத்தை அளக்கும் நான்கு பந்துச் சோதனைக்கு அனுப்புவது காசு வீண். முதல் திட்டத்துக்கு எஞ்சின் ஒயிலைவிட ஐதரோலிக் எண்ணெய் எட்டக்கூடிய இலக்கு. அங்கே எரிதல் இல்லை, புகைக்கரி இல்லை.

ஆமணக்குப் பயிரிட்டு எண்ணெய் எடுக்க எங்கள் மகளிர் சங்கம் யோசிக்கிறது. பிண்ணாக்கை மாட்டுக்குப் போடலாமா?
– வெல்லாவெளி வாசகி

போடவே கூடாது. ஆமணக்கு விதையிலுள்ள ரிசின் கொடிய நஞ்சு. எண்ணெயில் வராது, பிண்ணாக்கில் தங்கும். மாடு, ஆடு, கோழி எல்லாம் சாகும். வயலுக்கு எருவாகலாம், ஆனால் மேலே தூவாமல் மண்ணில் புதையுங்கள், நாய் மணம் பிடித்துத் தின்னும். விதை இடித்த உரலில் சமையல் சாமான் இடிக்க வேண்டாம். தூசி கண்ணிலும் மூக்கிலும் போகாமல் துணி கட்டுங்கள். சிறுபிள்ளைகள் விதையை எடுத்து விளையாடவே விடாதீர்கள். விளைச்சலைப் பொறுத்தவரை விதையின் எடையில் 45–50 சதவீதம் எண்ணெய். சிறு அழுத்தியில் 100 கிலோவுக்கு 35–40 கிலோ எதிர்பார்க்கலாம். மசகு என்று பெயரிட்டு விற்பதானால் அனுமதி பற்றி முதலில் பிரதேச செயலகத்தில் கேளுங்கள்.

குழாய்க் கிணற்றுப் பம்பின் தோல் வாசருக்கும் சைக்கிள், ஓட்டோ பிறேக்குக்கும் தேங்காய் எண்ணெய் விடலாமா?
– ஆலையடிவேம்பு வாசகர்

தோல் வாசரை ஓர் இரவு ஆமணக்கெண்ணெயில் ஊறவைத்துப் போடுங்கள். தேங்காய் எண்ணெயைவிட நீண்டநாள் இளக்கமாக இருக்கும். பிறேக்கின் எந்தப் பகுதிக்கும் எந்த எண்ணெயும் ஆகாது. ஓட்டோவின் பிறேக் கப் இறப்பர் தாவர எண்ணெயிலும் கனிய எண்ணெயிலும் ஊதிப் பிடித்துக்கொள்ளும். பிறேக் திரவம் மட்டுமே.

சூரியகாந்தி எண்ணெய் துடைத்த துணிகளைக் கராஜ் மூலையில் குவித்திருந்தோம். காலையில் தொட்டபோது சுட்டது. ஏன்?
– வாழைச்சேனை வாசகர்

நல்ல வேளை தீப்பிடிக்கவில்லை. சூரியகாந்தி, சோயா, ஆளி போன்ற எண்ணெய்கள் காற்றின் ஒக்சிசனோடு சேரும்போது சூடு பிறக்கும். துணிக் குவியலுக்குள் சூடு வெளியேற வழியில்லாமல் ஏறிக்கொண்டே போய், தானாகப் பற்றும். மரத்தூளில் சிந்தினாலும் இதுதான். துணிகளைத் தனித்தனியாக விரித்து வெளியில் காயப்போடுங்கள், அல்லது மூடியுள்ள இரும்பு வாளியில் தண்ணீருக்குள் அமிழ்த்தி வையுங்கள். தேங்காய் எண்ணெய்த் துணிக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு; ஆனால் கராஜில் எது எந்தத் துணி என்று யாரும் பிரித்து வைப்பதில்லை, எல்லாவற்றையும் ஒரே வாளிக்குள் போடுங்கள்.